கெய்ச்சி வாங்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் குரல் பதிவை உங்களில் பலர் எங்களுக்கே அனுப்பி, "என்னண்ணே இது?" என்று கேட்டுவிட்டீர்கள். எங்கள் கடைக் கெய்ச்சியில், அதாவது கோஜி என்று சொல்லும் சிவப்பு உலர்பழத்தில், சாயம் இருக்கிறதாம். அதைச் சாப்பிட்ட ஒரு அத்தைக்கு ஈறில் ரத்தம் கசிந்ததாம். செய்தி தெரிந்த அன்றே அத்தையைப் போய்ப் பார்த்தோம். இப்போது நலமாக இருக்கிறார்.

சாயம் என்ற சொல்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. அப்பா காலத்திலிருந்து ஈப்போவில் கடை நடத்துகிறோம். சீனாவின் நிங்சியாவில், மஞ்சள் ஆற்றோரம் விளையும் பழத்தைத்தான் விற்கிறோம். வீட்டில் இருக்கும் பொட்டலத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பாருங்கள். காம்பு இருந்த முனையில் வெளிறிய புள்ளி தெரியும். சாயத்தில் முக்கியெடுத்த பழத்தில் அந்தப் புள்ளியும் சிவந்திருக்கும். தண்ணீரில் போட்டால் நம் பழம் மெதுவாக மஞ்சளாகத்தான் இறங்கும். சாயமென்றால் போட்டவுடன் தண்ணீர் சிவக்கும். கந்தகப் புகை காட்டிய பழம் பளபளக்கும், மூக்கருகே கொண்டுபோனால் நெடி அடிக்கும். எங்களுடையது மங்கிய சிவப்பு, சில பழம் கறுத்தே இருக்கும். "ஏன் இவ்வளவு மங்கல்?" என்று கேட்டு வாங்காமல் போனவர்களும் உண்டு. பளபளப்புக்காக ஒருநாளும் சரக்கை மாற்றியதில்லை.

அத்தை இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். கண்ணுக்கு நல்லது என்று காலையும் இரவும் கெய்ச்சித் தண்ணீர் குடித்திருக்கிறார். இவை இரண்டும் சேரக்கூடாது. 2001இல் மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பில், வார்ஃபரின் எடுத்துவந்த 61 வயதுச் சீனப் பெண்மணி கெய்ச்சித் தேநீரைக் குடித்ததில் அவருடைய ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் எண்; ஏறினால் ரத்தம் எளிதில் கசியும்) 4.1க்கு ஏறியது, தேநீரை நிறுத்திய பிறகு இறங்கியது. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தயவுசெய்து வாங்கவே வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். இது தக்காளி, கத்தரிக்காய்க் குடும்பத்துப் பழம். அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும்போது சீன வைத்தியர்களே இதைக் கொடுப்பதில்லை.

பொட்டலத்தில் "எல்லா வயதினருக்கும் ஏற்றது" என்றிருந்த பழைய தாளை எடுத்துவிட்டோம்.

மற்றவர்களுக்கு இது நல்ல பழம்தான். விழித்திரை நடுவில் படியும் சியாசாந்தின் என்ற நிறமிச் சத்து இதில் நிறைய. கலிபோர்னியாவில் 45 முதல் 65 வயதுக்காரர்கள் சிலருக்கு வாரம் ஐந்து நாள் 28 கிராம் வீதம் 90 நாள் கொடுத்துப் பார்த்ததில், கண்ணில் அந்த நிறமி கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், மங்கிய பார்வை திரும்பும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். சீன வைத்திய முறையில் ஒரு நாள் அளவு 6 முதல் 12 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி. அந்தச் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். அதனால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பழத்தைக் கொட்டாதீர்கள். கோழி சூப் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டு, பழத்தையும் மென்று சாப்பிடுங்கள்.

பதிவு பரவிய மறுநாளே வந்து, வழக்கம்போல் இரண்டு பொட்டலம் வாங்கி, வரிசையில் நின்றவர்களிடம் எங்களுக்காகப் பேசிய அக்காவை மறக்கமாட்டோம். போன் செய்து ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மனசு ஒப்பவில்லை என்றால் பிரித்த பொட்டலமானாலும் கொண்டுவாருங்கள், முழுப் பணத்தையும் தருகிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோம். உங்கள் பழத்தை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்