அடிக்குறிப்பு வேண்டாம், முருகேசா

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும் கடலைமிட்டாய்ப் பொட்டலமும் ஒரே நாளில் வந்தன. மிட்டாய் தீர்ந்துவிட்டது, கடிதத்துக்குத்தான் பதில் பாக்கி. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல்.

பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கரிசல் கதைகளைத் தொகுக்கிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அடியில் அருஞ்சொற்பொருள் போடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

போன மாதம் பேத்தியோடு உட்கார்ந்து கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) 'கதவு' சிறுகதையைப் படித்தேன். ஒன்பதாவது படிக்கிறாள், பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னை. அம்மா காட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கதையில் பிள்ளைகள் சொல்லும் இடத்தில் நின்றாள். "அந்த ஊர்ல காடு இருக்கா தாத்தா?" நான் வாயைத் திறக்கவில்லை. மழை இல்லை, காடுகரைக்குக் கூலிக்குப் போய்த்தான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தத் தாய் சொல்லும் இடம் வந்ததும் அவளே, "ஓ, வயலா?" என்றாள். கிட்டத்தட்ட சரி. வயல் என்றால் தண்ணீர் நிற்க வேண்டுமே. நம்ம பக்கம் வானம் பார்த்த புஞ்சைதானே, பருத்தியும் கம்பும் விளைகிற அதைக் காடு என்றுதான் நாமெல்லாம் சொல்லி வளர்ந்தோம். அதை மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

அதே கதையில் 'தீர்வை' என்ற சொல் இன்னும் அருமை. அடியில் 'நிலவரி' என்று இருந்தால் படித்துவிட்டுத் தாண்டியிருப்பாள். இல்லாததால் அந்தச் சொல்லின் பின்னாலேயே போனாள். தலையாரி வந்து கேட்கிறார், மறுபடி கேட்கிறார், கடைசியில் வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள், திறந்துகிடக்கும் வீட்டில் வாடைக்காற்று புகுந்து கைக்குழந்தை செத்துப்போகிறது. தீர்வை என்றால் என்ன என்று பிறகு கேட்டேன். "கட்டலேன்னா கதவைப் பிடுங்கிட்டுப் போவாங்களே, அது" என்றாள். நீ எழுதப்போகும் அடிக்குறிப்பு இதைச் சொல்லுமா?

கி.ரா.வே 1982-ல் வட்டார வழக்கு அகராதி போட்டவர்தானே என்பாய். நானும்தான் புரட்டுகிறேன், கதையைப் படித்து முடித்த பிறகு.

வெளியூர்ச் சாட்சி ஒன்றும் உண்டு. ஆண்டனி பர்ஜெஸ் 1962-ல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் விடலைப் பையன்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழியிலிருந்து எடுத்த சொற்களைக் கலந்து பேசுவார்கள். 1978-ல் மூன்று ஆய்வாளர்கள், சொற்பட்டியல் இல்லாத பிரதியைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சொற்களைப் பற்றிக் கேட்கப்போவதாக மூச்சுவிடவில்லை. படித்து முடித்ததும் 90 சொற்களுக்குப் பொருள் கேட்டால், சராசரியாக 76 சதவீதம் சரி! திரும்பத் திரும்ப வந்த சொற்கள்தான் நன்றாகப் பதிந்திருந்தன.

எல்லாச் சொல்லும் இப்படி வசப்படாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை வந்துபோகும் புல்லின் பெயரோ, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலையின் உறுப்போ கதையிலிருந்து பிடிபடாது. ஏதோ புல், ஏதோ கயிறு என்பதோடு நின்றுவிடும். அந்த மாதிரிச் சொற்களை மட்டும் புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியலாகப் போடு. கமலைக்கு ஒரு படமும் வரைந்து போட்டால் நல்லது. எழுதி விளக்கினால் எவனுக்கும் புரியாது.

அச்சுக்குக் கொடுக்குமுன் பட்டியலை எனக்கு அனுப்பு. பாதியையாவது அடித்துவிட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
சங்கரன்