குளிர்கால ரயில் படங்கள்: கட்டடங்களை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் நீராவி ரயில்களைப் படம் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இந்த விஷயத்துக்குத் தமிழில் இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஓடும் இன்ஜினையும் அதன் தலைக்கு மேல் எழும் வெண்புகையையுமே சுற்றி வந்தது. அந்த இன்ஜின் ராத்திரி தங்கும் கொட்டகை, அதைத் திருப்பிவிடும் மேடை, அது கடந்து போகும் பாலம், இவற்றுக்கு ஒரு பத்தி கூட இல்லை. குளிர்காலம் படம் எடுப்பவருக்குத் தரும் பெரிய வாய்ப்பே அங்கேதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெண்புகையை நான் குறைத்துப் பேசவில்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது; வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறும்போதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. கோடையின் சூடான, வறண்ட காற்றில் அந்தத் துளிகள் சட்டென்று காய்ந்துவிடும். உறைபனிக் குளிரிலோ பெட்டிகளின் மேலே நெடுந்தூரம் கலையாமல் நிற்கும். நெவாடா மாநிலத்தின் ஈலி ஊரில் இருக்கும் நெவாடா நார்தர்ன் ரயில்வே, பிப்ரவரி மாதத்தில் படக்காரர்களுக்கென்றே தனியாக நீராவி ரயில்களை ஓட்டுகிறது. 1910-இல் பால்ட்வின் நிறுவனம் கட்டிய 40-ஆம் எண் இன்ஜின் அங்கே இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதை வர்ணித்திருந்த விதம் அருமை. ஆனால் 2006-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது அங்குள்ள யார்டும் பணிமனைகளும்தான். இன்ஜின் கொட்டகை, ரயில் நிலையம், பழுதுபார்க்கும் கூடங்கள் எல்லாம் ஒரே இடத்தில், பழைய தாமிரச் சுரங்க ரயில்வேயின் நாட்களில் இருந்தபடியே நிற்கின்றன. அதைத்தான் நாடு மதித்துக் காப்பாற்றுகிறது. நாம் ரயில் புறப்பட்டுப் போனதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறோம்.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈலியின் அட்சரேகையில் ஜூன் மாத நண்பகல் சூரியன் ஏறக்குறைய 74 டிகிரி உயரத்தில், உச்சந்தலைக்குப் பக்கமாக நிற்கும். டிசம்பர் கடைசியில் அது ஏறக்குறைய 27 டிகிரிதான் எழும்பும். அதாவது நாள் முழுக்கச் சாய்ந்த வெயில். கோடையில் கூரையின் நிழலுக்குள் கறுத்துக் கிடக்கும் சுவர் இப்போது அடிவரை தெரியும். செங்கல் சுவரில் அந்த வெயில் பக்கவாட்டில் படும்போது பாருங்கள்: ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பும் தனியாக எழுந்து நிற்கும், சுவரை இழுத்துப் பிடிக்கும் இரும்புத் தகடுகளின் நிழல் நீண்டு விழும், எப்போதோ மங்கிப்போன பெயிண்ட் எழுத்துகள் மெல்லத் தலைகாட்டும். தரையில் கிடக்கும் பனி வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பும். அதனால்தான் இன்ஜினின் சக்கரங்களுக்கு நடுவே, இணைப்புத் தண்டுகளுக்குப் பின்னால், வழக்கமாக வெறும் கறுப்பாக விழும் பகுதியில் கூட எண்ணெய்ப் பிசுக்கும் போல்ட் தலைகளும் தெரிகின்றன. எத்தனை விலை கொடுத்து ஃபிளாஷ் வாங்கினாலும் இந்த வெளிச்சம் கிடைக்காது.

அப்புறம் மரங்கள். பென்சில்வேனியாவின் வடகிழக்கில் இரண்டு பெரிய பாலங்கள் இருக்கின்றன. ஒன்று 1848-இல் கல்லால் கட்டிய ஸ்டாருக்கா பாலம். இன்னொன்று 1915-இல் கான்கிரீட்டில் எழுப்பிய டங்கனாக் பாலம். 2,375 அடி நீளம், 240 அடி உயரம். இலை அடர்ந்த காலத்தில் போனால் மேல் வளைவுகள் தெரியும், தூண்களின் கால்கள் பச்சைக்குள் மறைந்துவிடும். இலை உதிர்ந்த பிறகு போனால்தான் தூண் எங்கே தரையில் ஊன்றியிருக்கிறது, பள்ளத்தாக்கின் சரிவு பாலத்தோடு எப்படிச் சேர்கிறது என்பது புரியும். அல்டூனா அருகே 1854-இல் திறந்த, குதிரை லாடம் போல் வளையும் ரயில் பாதையான ஹார்ஸ்ஷூ வளைவுக்கும் இதே கதைதான். மலையைச் சுற்றி ரயில் எப்படி ஏறுகிறது என்பதை மொட்டை மரங்களுக்கு நடுவேதான் முழுசாகப் பார்க்க முடிகிறது.

சில கட்டுமானங்கள் பனிக்காகவே எழுந்தவை. நியூ மெக்சிகோவுக்கும் கொலராடோவுக்கும் இடையே ஓடும் கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் குறுகிய ரயில் பாதை 10,015 அடி உயரத்தில் கம்ப்ரஸ் கணவாயைக் கடக்கிறது. தண்டவாளத்தின் மேல் மரத்தாலான பனிக்கூரை ஒன்று அங்கே நிற்கிறது. ஜூலையில் பார்த்தால் அது ஏதோ பழைய கொட்டகை. இடுப்பளவு பனி கிடக்கும்போது பார்த்தால் அதைக் கட்டியவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்று ஒரே படத்தில் சொல்லிவிடலாம். 1923-இல் செய்த நீராவிப் பனிவாரி வண்டியை 2020-இல் அந்தப் பாதையில் ஓட்டியபோது எல்லோரும் வண்டி வாரி இறைத்த பனியைத்தான் எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான். அந்தக் கூரையையும் சேர்த்து எடுத்தவர்கள் சிலராவது இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஏன் இத்தனை வற்புறுத்துகிறேன் என்றால், இன்ஜினைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்ட முடிகிறது. பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப் ரயில்வே 1956-இல் நிலக்கரிப் போக்குவரத்தை நிறுத்தியது, பிறகு சுற்றுலா ரயிலாக ஓடி, 2011-க்குப் பின் அதுவும் நின்றுபோனது. 2020-இல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கியது. பல பத்தாண்டுகள் அசையாமல் நின்ற 16-ஆம் எண் இன்ஜின் 2023-இல் மறுபடி ஓடியது. கட்டடங்களுக்கு எப்போதும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. அதே மாநிலத்தில், 301 அடி உயரத்தில் நின்ற கின்சுவா எஃகுப் பாலத்தின் பெரும்பகுதியை 2003 ஜூலையில் ஒரு சுழல்காற்று (டொர்னேடோ) சாய்த்துவிட்டது. முழுப் பாலத்தையும் இனிப் பழைய படங்களில்தான் பார்க்க வேண்டும். 1969-இல் தொடங்கிய அமெரிக்கப் பொறியியல் வரலாற்றுப் பதிவுத் திட்டம் இப்படிப்பட்ட இடங்களைப் படமாகவும் வரைபடமாகவும் பதிவு செய்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் சேர்க்கிறது. அவர்கள் வேலை செய்யும் முறையில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது: கட்டடத்தின் ஒவ்வொரு முகத்தையும் நேராக எடுப்பது, சுவர் சாயாமல் பார்த்துக்கொள்வது, அளவுகோலை வைத்து ஒரு படமாவது எடுப்பது, என்ன, எங்கே, எப்போது என்று எழுதிவைப்பது. அழகான படத்துக்கு இவை எதுவும் தடை இல்லை. 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி நாட்களைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க், இன்ஜினோடு நிலையங்களையும் ஊழியர்களையும் பாதையோர வீடுகளையும் சேர்த்தே எடுத்தார். அதனால்தான் அவர் படங்களில் ஒரு காலமே இருக்கிறது.

கட்டுரையில் இருந்த தொழில்நுட்பக் குறிப்புகளோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பனியைப் பார்த்ததும் கேமரா ஏமாந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியை, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள் என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தார். சரிதான். ஆனால் கறுத்த இன்ஜின் படத்தை நிறைத்து நிற்கும்போது அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, பனி வெளிறிப்போகும். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. கட்டடம் எங்கேயும் ஓடிப்போகாது, நிதானமாகப் பார்க்கலாம். பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைப்பது, கேமராவை மூடிய பையோடு அறைக்குள் கொண்டுவந்து மெதுவாகச் சூடேற விடுவது பற்றியெல்லாம் அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு வருத்தம். கட்டுரையோடு வந்த படங்களில் ஒன்று, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நின்று எடுத்தது என்பது பார்த்ததுமே தெரிகிறது. அமெரிக்காவில் ரயில் பாதையும் அதை ஒட்டிய நிலமும் பெரும்பாலும் ரயில் நிறுவனங்களின் சொந்தச் சொத்து. அனுமதி இல்லாமல் கால் வைப்பதே அத்துமீறல். அதைவிட முக்கியம், குளிர்காலத்தில் ஆபத்து கூடுகிறது. புதுப்பனி ஓசையை உறிஞ்சிக்கொள்வதால் ரயில் கிட்டே வரும்வரை சத்தம் கேட்காது. துருப்பிடித்துக் கைவிடப்பட்ட பாதை எது, தினமும் ரயில் ஓடிப் பளபளக்கும் பாதை எது என்று பனிக்கு மேலே நின்றுகொண்டு சொல்ல முடியாது. பாதையோரம் நின்றால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. வண்டி தண்டவாளத்தைத் தாண்டி இருபுறமும் மூன்றடியோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டு வரும். முன்னால் பனி தள்ளும் தகடு இருந்தால் அது வாரி வீசும் பனியும் ஜல்லியும் இன்னும் தள்ளி விழும். மணிக்கு 55 மைல் வேகத்தில் வரும் நீண்ட சரக்கு ரயில் பிரேக் போட்ட பிறகும் ஒரு மைலோ அதற்கு மேலோ ஓடித்தான் நிற்கும். டிரைவர் நம்மைப் பார்த்தாலும் அவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அந்தப் படம் எத்தனை அழகாக இருந்தாலும் நீங்கள் அதை வெளியிட்டிருக்கக் கூடாது. பார்த்துவிட்டு அதே இடத்தில் போய் நிற்க ஒரு வாசகர் ஆசைப்பட்டால் என்ன செய்வது?

எனவே இரண்டு வேண்டுகோள்கள். பாதைக்குள் நின்று எடுத்த படங்களை இனி வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்து, அதை இதழிலும் அறிவியுங்கள். அடுத்த குளிர்காலச் சிறப்பிதழில் இன்ஜின் கொட்டகைகள், பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள், சிக்னல் கூண்டுகள் பற்றி வாசகர்களிடமே படங்கள் கேளுங்கள். இடமும் தேதியும், பொதுச்சாலை, பார்வை மேடை, அனுமதி பெற்ற வளாகம் இவற்றில் எங்கிருந்து எடுத்தது என்பதும் குறிக்கப்பட்ட படங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டால் என்னிடம் இருப்பவற்றை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்