ரேக் பி.டி.யூ.க்கள் டி.எச்.சி.பி. முகவரியை ஏற்காதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
நெட்வொர்க் நிர்வாகி,
தனியார் மருத்துவமனை, மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ரேக் பி.டி.யூ.க்கள் தானாக ஐ.பி. முகவரி வாங்காதது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். ரேக்கில் உள்ள சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுத்து, அதன் அளவை நெட்வொர்க் வழியாகக் காட்டும் கருவிதான் பி.டி.யூ. எங்கள் சர்வர் அறைக்கு உங்களிடம் வாங்கிய பி.டி.யூ.க்களில் ஒன்றுகூட டி.எச்.சி.பி. (கருவிகளுக்கு ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் முறை) வழியாக முகவரி எடுக்கவில்லை. "நெட்வொர்க் கேபிளைச் செருகினால் போதும் சார், மத்ததை அதுவே பார்த்துக்கும்" என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னதை நம்பித்தான் ஆர்டர் கொடுத்தோம்.

உதவி மையத்தில் எப்போது கேட்டாலும் "உங்க சர்வர்லதான் பிரச்சினை" என்கிறார்கள். அதே வீலானில் (நெட்வொர்க்கின் அதே பிரிவில்) பிரின்டரும் கேமராவும் உடனுக்குடன் முகவரி வாங்குகின்றன. சந்தேகம் தீர சுவிட்ச் போர்ட்டில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து பார்த்தேன். பி.டி.யூ. முகவரி கேட்டு 'டிஸ்கவர்' அனுப்புகிறது. எங்கள் சர்வர் ஒரு முகவரியைத் தருவதாக 'ஆஃபர்' கொடுக்கிறது. அடுத்து அதை ஏற்று 'ரிக்வெஸ்ட்' வர வேண்டும், வருவதே இல்லை. சிறிது நேரம் கழித்துப் பழையபடி 'டிஸ்கவர்'தான். அந்தப் பதிவை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

காரணம் உங்கள் பெரிய கையேட்டின் உள்ளே எங்கோ இருக்கிறது. ஆஃபரின் 43ஆம் ஆப்ஷனில் (தயாரிப்பாளருக்கே உரிய தகவலை வைக்கும் இடம்) உங்கள் நிறுவன அடையாளமாக ஆறு பைட் இருந்தால்தான் கருவி அதை ஏற்குமாம். பெட்டியோடு வரும் விரைவு வழிகாட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாதுகாப்புக்காக வைத்த நிபந்தனை என்கிறார் உங்கள் பொறியாளர். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆறு பைட்டும் மறைகுறியாக்கம் இல்லாமல்தான் போகின்றன, கையேட்டிலும் அச்சாகியிருக்கின்றன. போலி சர்வர் வைக்க நினைப்பவன் அதையும் சேர்த்துத்தான் வைப்பான். மாட்டிக்கொள்வது எங்களைப் போன்றவர்கள். வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்குக் கன்ட்ரோலர் முகவரி சொல்ல இதே 43ஐத்தான் ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். கருவி தன் வகையைச் சொல்லும் 60ஆம் ஆப்ஷனைப் பார்த்து கருவிக்குத் தகுந்தபடி பிரித்துக் கொடுக்கலாம்தான். ஆனால் எங்கள் கிளை மருத்துவமனையில் முகவரி வழங்கும் சிறிய ரவுட்டரில் அந்த வசதியே கிடையாது.

நிபந்தனையை நீக்க வேண்டுமானால் ஒவ்வொரு ரேக்கின் பின்னாலும் லேப்டாப்போடு உட்கார்ந்து, சீரியல் கேபிள் செருகி, 9600 பாட் வேகத்தில் உள்ளே போக வேண்டும். அந்தக் கேபிளும் பெட்டியில் வரவில்லை. இவ்வளவும் செய்வதற்கு நிலையான முகவரியையே கையால் போட்டுவிடலாமே, டி.எச்.சி.பி. எதற்கு?

ஆய்வக முடிவுகளும் ஸ்கேன் படங்களும் இருக்கும் சர்வர்கள் இந்த பி.டி.யூ.க்களில்தான் ஓடுகின்றன. எந்த ரேக் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தெரியாமல் இரவுப் பணியில் இருப்பவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

உங்கள் பொறியாளரை நேரில் அனுப்பி எல்லாக் கருவிகளிலும் இந்த நிபந்தனையை நீக்கித் தாருங்கள். ரீசெட் செய்தாலும் திரும்பி வராதபடி ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் இருக்கும் மென்பொருளையும்) மாற்றித் தர வேண்டும். விரைவு வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள். அடுத்து வாங்குபவராவது அலையாமல் இருக்கட்டும். வேலை முடியும்வரை பில்லின் மீதித் தொகையை நிறுத்திவைக்கும்படி எங்கள் கணக்குப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். பதிலை எழுத்து மூலம் அனுப்பவும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் நிர்வாகி