தூக்கிப் பார்த்த கல்

அன்புள்ள பாப்பா,

சாப்பிட்டாயா? ராத்திரி வீடு திரும்பி நூடுல்ஸோடு படுத்துவிடாதே. நாங்கள் ஜப்பானிலிருந்து ஊர் வந்து 22 நாள் ஆகிறது. இரண்டு முறைதான் பேசினாய். இரண்டு முறையும் ‘மீட்டிங் இருக்குப்பா’ என்று வைத்துவிட்டாய். சரி, வேலை இருக்கும்.

வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஃபுஷிமி இனாரி கோயிலைப் பற்றித்தான் பேசுகிறாள். நெற்கதிரைக் கவ்விக்கொண்டு நிற்கும் நரி சாமி இல்லை, நெல்லைக் காக்கும் சாமியின் தூதர் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறாள். எனக்கு அந்தப் பெரிய வாசல்தான் கண்ணிலேயே நிற்கிறது. தாயின் நோய் தீர வேண்டிக்கொண்டு, அந்தக் காலத்தில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி 1589-இல் கட்டிக்கொடுத்தது என்றாய். அந்தப் படிகளில் அம்மா கையை நீ விடவே இல்லை.

சிவப்புத் தோரணத் தூண்களுக்குள் ஏறும்போது, ‘திரும்பிப் பாருங்கப்பா’ என்றாய். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்து. காணிக்கை கொடுத்தவர் பெயர், தேதி. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாய். எதிரே வந்த ஜப்பான்காரப் பெரியவர் நின்று கேட்டுவிட்டுப் போனார். என் பெண் என்று அவரிடம் சொல்ல எனக்குத்தான் பாஷை தெரியவில்லை. இவ்வளவு படித்தவளுக்கு நேரத்துக்குச் சாப்பிட மட்டும் தெரியவில்லையே.

அப்புறம் அந்தக் கல். வேண்டிக்கொண்டு கல்விளக்கின் தலைக்கல்லைத் தூக்க வேண்டும், நினைத்ததைவிட லேசாக இருந்தால் பலிக்கும் என்றாய். அம்மா தூக்கிவிட்டுச் சிரித்தாள். நீ தூக்கினாய், வைத்தாய், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாய். கனமா என்று கேட்டேன். ‘குளிருதுப்பா, போலாம்’ என்றாய். அம்மா முட்டிவலியால் மலை உச்சி வரை போகவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறோம். நீ அதற்கு மேல் ஏறவே விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று நீ கேட்கவில்லை. வீட்டுக் கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் நீ அங்கேயே தாக்குப்பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் பாப்பா. கல் லேசாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போன ஆடியில் ‘வந்துடட்டுமாப்பா’ என்று நீ கேட்டபோது தவணைக் கணக்குச் சொன்னேன். உனக்கு அங்கே என்ன என்று கேட்கவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். கடனை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன பிறகு போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அப்பா