‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்று சொல்லும் மனநலக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் மனநலத் திட்டக் குழுவினருக்கும், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில் பணிபுரியும் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

பல்லடம் வட்டாரத்து நூற்பாலைப் பெண்களிடையே பதினாறு ஆண்டுகளாக உளநல ஆலோசகராக இருக்கிறேன். மூன்றாண்டு வேலை முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்ற பேச்சை நம்பிப் பதினான்கு வயதில் ஆலை விடுதிக்குள் போய், அங்கே மேற்பார்வையாளரின் கைக்கும் பின்னர் வீட்டில் கணவனின் கைக்கும் அஞ்சியே வளர்ந்த ஒரு பெண் சென்ற மாதம் என்னிடம் வந்தார். அதற்கு முன் பத்து மாதங்கள் ஒரு மருத்துவமனையில் அவருக்கு மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் கிடைத்திருக்கின்றன. நடந்ததை அவர் சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் அம்மிணி, மனசு திடமாகட்டும்” என்றே அனுப்பிவிட்டார்கள். “எப்பத்தானுங்க அதைக் கேப்பாங்க?” என்று அவர் கேட்ட கேள்வியே இந்த மடலுக்குக் காரணம்.

அவருக்கு இருப்பதற்கு இன்று ‘சிக்கல் மனவடு’ (Complex PTSD) என்ற தெளிவான பெயர் உண்டு. தப்பிக்க வழியில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப நேரும் கொடுமை தனிவகைப் பாதிப்பை உண்டாக்குகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதினார். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் பதினோராம் நோய் வகைப்பாடு அதைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. நடந்தது இப்போதே நடப்பதுபோல் மீண்டும் தோன்றுவது, அதை நினைவூட்டும் எல்லாவற்றையும் விட்டு விலகுவது, எப்போதும் ஆபத்து அருகிலேயே இருப்பதாக உணர்வது ஆகிய மூன்றோடு, உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவள்’ என்ற வெட்கம், யாரோடும் நெருங்க இயலாமை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சிக்கல் மனவடு. “சும்மா இருக்கறப்பவே திக்குங்குதுங்க, பெத்த புள்ளயத் தொடக் கூசுதுங்க” என்று நம் பெண்கள் சொல்லும்போது அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கமும், கடைசியில் உறவுகளுக்குத் திரும்புதல் என்று ஹெர்மன் வகுத்த மூன்று கட்டங்களைத்தான் ‘மனசு திடமாகட்டும்’ என்பவர்கள் பின்பற்றுவதாக நினைக்கிறார்கள். அந்த வரிசைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சிறுவயதுக் கொடுமைக்கு ஆளான 104 பெண்களிடம் மரிலீன் க்ளோய்ட்ரும் குழுவினரும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியையும் உறவையும் கையாளும் திறன்களை முதலில் கற்று, அதன்பின் நடந்ததை ஆலோசகர் துணையோடு விரிவாகச் சொல்லி நினைவுகளை எதிர்கொண்டவர்களே அதிகம் தேறினார்கள். வெறும் ஆறுதல் பேச்சுக்குப் பின் நினைவுகளை எதிர்கொண்டவர்களைவிட இவர்களில் பாதியில் நின்றவர்களும் குறைவு. ஆனால் அங்கே திறன் பயிற்சிக்குச் சில வாரங்களே ஒதுக்கப்பட்டன என்பதையும், அதை அடுத்து நினைவுகளைப் பேசும் கட்டம் உறுதியாக வந்தது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். மேலும், நெதர்லாந்தில் 149 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், நேராக நினைவுகளை எதிர்கொண்டவர்களும், அதையே சில வாரங்களுக்குள் நெருக்கமாகச் செய்தவர்களும், திறன் பயிற்சிக்குப் பின் எதிர்கொண்டவர்களும் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள். நெருக்கமாகச் செய்தவர்கள் சற்று விரைவில் தேறினார்கள். ஆகவே சிலருக்குத் தயாரிப்புக் கட்டம் உதவலாம். அதைப் பத்து மாதம் நீட்டுவதற்கு இந்த ஆய்வுகள் எதுவும் துணை நிற்கவில்லை.

நினைவுகளைப் பேசும் வழியும் ஒன்றே ஒன்றில்லை. நடந்ததை மனதில் வைத்தபடி ஆலோசகரின் விரலசைவைக் கண்ணால் பின்தொடரும் இ.எம்.டி.ஆர். (EMDR) முறையில் நடந்ததை விரிவாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பதால், சொல்லவே நாக்கூசும் பெண்களுக்கு அதை முதலில் எடுத்துச் சொல்கிறேன். ‘என்மேல்தான் தப்பு’ என்ற எண்ணத்தை எடுத்துச் சோதிக்கும், வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வுகள் கொண்ட சிந்தனைச் சீராய்வு சிகிச்சை, காங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குக் குழுவாக, பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களாக இருந்தும், பலன் தந்தது என்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஆலை விடுதிகளுக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து.

எனக்கு மிக நெருக்கமானது கதைவழி எதிர்கொள்ளல் சிகிச்சை. ஒரு கயிற்றைத் தரையில் நீட்டிப் பிறப்பிலிருந்து இன்றுவரை நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைக்கச் சொல்கிறோம். மிச்சக் கயிறு இனி வரும் நாட்களுக்கு. பிறகு வரிசையாக வாழ்க்கையைச் சொல்லச் சொல்லி எழுதி, அடுத்த அமர்வில் அவருக்கே படித்துக் காட்டுகிறோம். என்னிடம் இருப்பது பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கயிறு; பூவுக்கு விடுதி வாசலில் அரளி நிற்கிறது. வடகிழக்கு இலங்கையில் போரையும் சுனாமியையும் கண்ட தமிழ்க் குழந்தைகள் 31 பேரில் ஒரு பிரிவினருக்கு இதைச் சிறார்களுக்கேற்ற வடிவிலும், மற்றவர்களுக்குத் தியான-தளர்வுப் பயிற்சியையும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகளில் அளித்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின் கதைவழிச் சிகிச்சை பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும், தியான-தளர்வுப் பயிற்சி பெற்றவர்களில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். ஆகவே மூச்சுப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆறு அமர்வுகளில் முறையாகக் கற்றுத் தந்து முடிக்கப்பட்ட பயிற்சி அது என்பதையே சொல்கிறேன்.

அடிப்பவனோடு இன்றும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவருக்கும், தற்கொலை எண்ணம் முற்றியிருப்பவருக்கும் முதலில் பாதுகாப்புத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஐந்து முறை சொன்னதைச் சிகிச்சையாக எண்ணி, ‘அவங்கதான் எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே’ என்று குறிப்பெழுதுவதையும் நிறுத்த வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தன் நோய் என்ன, தரப்போகும் சிகிச்சை என்ன என்று அறியும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மேற்சொன்ன வழிகளைக் கொங்குப் பேச்சிலேயே விளக்கி, எதை, எப்போது தொடங்குவது என்று அவரிடமே கேளுங்கள். தொடங்கியபின் பதினாறு வாரம்வரை ஆலோசகரை மாற்றாதீர்கள். ஒப்பந்தம் முடிந்து ஆலோசகர் போய்விட, மூன்றாவது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல நேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் மாறும் வாரத்தில் அமர்வு நேரமும் மாறட்டும். இரவு ஷிப்ட் முடித்தவரைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் அவர் வரமாட்டார். தாழிடக்கூடிய ஓர் அறையை ஒவ்வொரு மையத்திலும் ஒதுக்கித் தாருங்கள். வரும் வியாழக்கிழமை மாலை அந்தப் பெண்ணோடு கயிற்றை விரிக்கப் போகிறேன். அதற்கான அறை இன்னும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரத்து உளநல ஆலோசகர்