மலை மாலையாகிவிடக்கூடாது

திருகோணமலை, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து மூத்த பாட்டுக்காரர்களுக்கு,

அண்ணைமாரே, அக்காமாரே, வணக்கம்.

உங்களில் பலர் என்னோடு மேடை ஏறியவர்கள். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய இசைக்குழு வாசித்த காலத்தில், வானொலி மெல்லிசையும் பொப் பாட்டும் ஊரெல்லாம் அடித்த நாட்களில், சொந்தமாக எழுதி மெட்டும் போட்டவர்கள். அந்தக் கொப்பிகள் இன்று அலுமாரியில் கிடக்கின்றன. இப்போது குறும்படமும் விளம்பரமும் எடுக்கிற பிள்ளைகள் தேடி வருகிறார்கள். "ஐயா, இந்தப் பாட்டைத் தாங்கோ, இப்பத்தைய ஸ்டைலுக்கு மாத்திப் போடுவம்" என்கிறார்கள். உங்களில் சிலர் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். சிலர் சந்தோசத்தில், நீட்டின இடத்தில் கையெழுத்து வைத்துவிடுகிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கையெழுத்து வைத்துப் பட்டவன் நான். ஒரு விளம்பரத்துக்கு என் பாட்டைக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கம். வாசிக்காமல் ஒப்பமிட்டேன். எல்லா உரிமையையும், எல்லா நாட்டுக்கும், எல்லாக் காலத்துக்கும் கொடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் விளங்கியது. விளம்பரத்தில் என் பெயர் எங்கும் இல்லை. பேத்தி தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, இது உங்கட பாட்டெல்லோ?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் கைக்கு எட்டிய சட்டம்தான். பாட்டின் பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்து 70 ஆண்டுகள் வரையும் இருக்கும். பணம் வரும் உரிமையை விற்றுவிட்டாலும், பெயரைப் போடச் சொல்லவும், பாட்டைச் சிதைத்தால் மறுக்கவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. இது தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்.

இன்னொன்று. வரியும் மெட்டும் ஒரு சொத்து. ஒலிப்பதிவு வேறொரு சொத்து. அந்தக் காலத்துப் பதிவு யார் கையில் இருக்கிறதோ! ஆனால் வரியும் மெட்டும் உங்களிடமே இருந்தால், புதிதாகப் பாடிப் பதியுங்கள். உங்கள் செலவில் பதிந்தால் அந்தப் பதிவும் உங்களுடையது. படம் எடுக்கிறவருக்கும் இரண்டு அனுமதியையும் ஒரே ஆளிடம் வாங்குவது சுகம்.

அப்படித்தான் என் இன்னொரு பாட்டை எடுத்துக்கொண்டு, திருகோணமலை மட்டிக்களியில் ஒலிப்பதிவு செய்கிற ஒரு தம்பியோடு உட்கார்ந்தேன். ஒரு மடிக்கணினி, ஒரு மைக், சுவரெல்லாம் பழைய மெத்தைத் துண்டுகள். முதல் வேலையாக என் ஒரு நிமிட வயலின் முகப்பை வெட்டினான். எனக்கு நெஞ்சு சுட்டது. காட்சிக்குப் பாட்டுத் தேடுகிறவர் முதல் சில விநாடிக்குள் முடிவெடுத்துவிடுவார் என்றான். சரி, விட்டுக்கொடுத்தேன். பைலாச் சாயலில் ஆறு தட்டாக ஓடிய தாளத்தை நாலாக்கி, அடியில் கனமான பேஸ் வைத்தான். உண்மையைச் சொல்கிறேன், என் கால் தானாக ஆடியது.

ஆனால் பல்லவியில் 'மலை' என்று ஒரு சொல் வரும், நம்முடைய மலை. புதிய தாளத்தில் 'ம' ஒரு தட்டு முழுக்க நீண்டு, 'மாலை' என்று கேட்டது. கோணமலையைப் பாடிய பாட்டு அந்திப் பொழுதைப் பாடத் தொடங்கிவிட்டது. பாடிய பிள்ளைக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. சொல்லை அரைத் தட்டுத் தள்ளி எடுத்து, 'லை'யை நீட்டச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை. பிறகு, குரலின் சுருதியைக் கணினியில் நேராக்குகிற ஓட்டோ டியூன் போட்டான். வரி முடிவில் குரல் வழுக்கி இறங்கும் இடம் படிக்கட்டுப் போல் ஆகிவிட்டது. அந்த ஒரு வரிக்கு அதை நிறுத்தச் சொன்னேன். மறுக்காமல் நிறுத்தினான்.

தாளம் மாறட்டும், வாத்தியம் மாறட்டும், இளம் குரல் பாடட்டும். குறில் நெடிலாவதை மட்டும் விடாதீர்கள். அதைப் பிடிக்க நீங்கள் அந்த அறையில் இருக்கவேண்டும். போனில் சொல்லிச் சரிவராது.

தொடங்குமுன் பங்கை எழுதிவிடுங்கள். எங்கள் பதிவில் பாதி தம்பிக்கு, வரியும் மெட்டும் எனக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். குரலில்லாத இசையையும் தனியாக எடுத்து வையுங்கள். வசனம் வரும் காட்சிக்கு அதைத்தான் கேட்பார்கள். கொடுக்கும்போது எந்தப் படத்துக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எல்லை போட்டுக் கொடுங்கள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நான் தம்பியின் அறையில்தான் இருப்பேன். கொப்பியோடு வாருங்கள். கசெட் இருந்தால் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் நாடா ஒட்டிப்போயிருக்கலாம், இழுத்தால் அறுந்துவிடும். அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்