கயலுக்கு, ஹெரால்டு விஷயமாக

அன்புள்ள கயல்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் கோயில் வரை நடந்து போய்விட்டு வருகிறாள்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டட்கார்ட் தெருவில் நிற்கிற அந்தப் பழைய ஓப்பல் நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்று ஓர் எழுத்து இருப்பதைக் காட்டியிருந்தாய். 30 வருஷம் தாண்டிய வண்டியை நன்றாக வைத்திருந்தால் அப்படி ஓர் அடையாளம் கொடுத்து, ஓட்டவும் விடுகிறார்களாமே. அடுத்த வரியிலேயே, "நம்ம ஊர்ல ஓடின அம்பாசிடர், பியட், ஹெரால்டு எல்லாம் எங்கே போச்சுப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம். உன்னிடம் ஒரு வேலையும் ஆகவேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷம் இருந்ததில் நான் பார்த்தது இதுதான்: யாரிடமும் இல்லாத வண்டியைத்தான் ஜனங்கள் பத்திரப்படுத்துகிறார்கள். சமஸ்தானத்து ரோல்ஸ் ராய்ஸும் பியூக்கும் இன்றைக்கும் ஏதோ ஒரு பங்களா ஷெட்டில் போர்வை போர்த்தி நிற்கின்றன. எல்லாரிடமும் இருந்ததை யாரும் எடுத்துவைக்கவில்லை. அம்பாசிடர் போனால் இன்னொரு அம்பாசிடர் தெருமுனையில் நின்றது. அப்படி நின்றதெல்லாம் ஒரு காலகட்டத்தில் சேர்ந்தாற்போலப் போய்விட்டன.

அம்பாசிடர் உனக்கு நன்றாகத் தெரியும். மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் செய்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் அதற்கு மூலம். 1957 வாக்கில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை செய்தார்கள். மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று முன் கிரில் மாறியதே தவிர உடம்பு அதேதான். நம் ஊர் டாக்சி ஸ்டாண்டில் நின்றதெல்லாம் பெரும்பாலும் டீசல் அம்பாசிடர்கள். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடுவார்கள். விடியற்காலையில் கிளம்பி, திங்களூர், ஆலங்குடி என்று ஆரம்பித்து, ராத்திரி திருநள்ளாற்றிலிருந்து திரும்பும்போது வண்டிக்குள் எட்டுப் பேராவது இருப்பார்கள். முன் சீட் ஒரே நீளப் பலகை மாதிரி, கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்ததால் நடுவிலும் ஒருவர் உட்காரலாம். ஹெட்லைட்டை டிம் பண்ண இடது காலால் தரையில் இருக்கும் பொத்தானை மிதிக்க வேண்டும். இன்றைக்கு டிரைவிங் படிக்கிற பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பெட்ரோல் வண்டிக்குச் சித்திரை வெயில்தான் எதிரி. சூட்டில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். கார்புரேட்டருக்கு ஏறாது, வண்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷம் நிழலில் நிற்பார். ஆற்றிய பிறகு கிளம்பிவிடும். இதற்கென்றே டிக்கியில் ஒரு பழைய துண்டும் தண்ணீர் கேனும் எல்லா டிரைவரும் வைத்திருந்தார்கள். நிழலில் நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் பயணிகளும் டிரைவரும் சொந்தக்கதை பேசி உறவாகிவிடுவதும் உண்டு.

பியட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை, நம் பக்கம் குறைச்சல். வக்கீல்களும் பேங்க் மேனேஜர்களும் வைத்திருந்தார்கள். 1974-இல் பிரீமியர் பத்மினி என்று பேர் மாற்றினார்கள். நாங்கள் கடைசிவரை பியட் என்றுதான் சொன்னோம். அதன் ராஜ்யம் பம்பாய். அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-இல் பதிவானது. டாக்சிக்கு 20 வருஷம்தான் ஆயுள் என்று விதி இருப்பதால் 2023 அக்டோபர் 30-லிருந்து பத்மினி டாக்சி ஓடக்கூடாது என்றாகிவிட்டது. ஒரே ஒரு வண்டியையாவது மியூசியத்தில் வையுங்கள் என்று டாக்சிக்காரர்கள் சங்கம் அரசாங்கத்திடம் கேட்டது. அதைப் பேப்பரில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கில் ஓடிய வண்டி, அதில் ஒன்றைக் காப்பாற்ற மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இனி ஹெரால்டு. இது நம்ம மெட்ராஸ் வண்டி என்பது உன் வயதுக்காரர்கள் யாருக்குமே தெரியவில்லை. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. இப்போது பெருங்களத்தூரில் அடுக்குமாடிகளும் ஐ.டி. கட்டடங்களும் நிற்கிற இடம்தான். 1961-லிருந்து அங்கே ஹெரால்டு செய்தார்கள். உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர், மிக்கலோத்தி என்று பேர். அம்பாசிடர் பக்கத்தில் நிறுத்தினால் ஹெரால்டு சின்னப்பெண் போல இருக்கும். இன்ஜின் 948 சி.சி.தான். ஆனால் அது திரும்புகிற அழகைப் பார்க்க வேண்டும். 25 அடி அகலம் இருந்தால் முழு வட்டம் போட்டுவிடும். கும்பேஸ்வரர் கோயிலைச் சுற்றி இருக்கிற சந்துகளில் அம்பாசிடர் முன்னும் பின்னும் போய் மல்லுக்கட்டுகிற இடத்தில் ஹெரால்டு ஒரே திருப்பில் வந்துவிடும்.

மெக்கானிக்குக்கு அதைப் போல ஒரு வண்டி கிடைக்காது. இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கியை விடுவித்தால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுதும் அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஒரு பக்க டயரில் நான், எதிர்ப்பக்க டயரில் நீ. மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கொடுப்பாய், கவுனெல்லாம் கரி. அம்மா என்னைத்தான் திட்டுவாள். அப்போதே உனக்கு இன்ஜின் மேல் பயம் போய்விட்டது என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அதன் பின் சக்கரங்கள்தான் பலவீனம். குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை, சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் இரண்டு சக்கரமும் உள்பக்கம் மடங்கித் தொங்கும். வளைவில் வேகமாகப் போனால் ஆபத்து. இது தெரியாமல் ஓட்டியவர்கள் பயந்துபோய் விற்றுவிட்டார்கள். அடுத்து வந்த கெஜல் என்ற மாடலில் இதைச் சரிசெய்து கட்டி அச்சு போட்டார்கள். அதுவும் 70-களோடு நின்றுவிட்டது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்று கொண்டுவந்தார்கள். ரோவர் உடம்பில் பழைய இன்ஜினை வைத்தது. விலை அதிகம், ஓட்டம் சுகமில்லை. எடுபடாமல் போய், 80-களின் முடிவில் தொழிற்சாலையே மூடியது. ஹெரால்டுக்கு ஸ்பேர் வருவது அதற்கு முன்பே குறைந்துவிட்டது. வண்டி கெட்டு ஹெரால்டு ஒழியவில்லை கயல், ஒரு சின்ன ரப்பர் புஷ் கிடைக்காமல் நின்ற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

மாருதியால்தான் இவையெல்லாம் அழிந்தன என்று என் வயதுக்காரர்கள் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் கிடையாது. 1983 டிசம்பர் 14-இல் முதல் வண்டிச் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது, லிட்டருக்கு நிறைய ஓடியது, ஸ்டியரிங் இலேசாக இருந்தது. நம் தெருப் பெண்கள் கார் ஓட்டக் கற்றது மாருதி 800-இல்தான். அதற்கு முன் ஒரு புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். போட்டியே இல்லாததால் கம்பெனிக்காரர்களுக்கும் வண்டியை மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. புகை, பிரேக், சீட் பெல்ட் எதைப் பார்த்தாலும் புது வண்டிதான் உயர்ந்தது, நீ குழந்தையோடு போவது அப்படிப்பட்ட வண்டியில்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மாருதி 800-உம் இன்றைக்கு எங்கே? புகை விதி கடுமையானதும் 2010-இல் சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனையை நிறுத்தினார்கள். 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அம்பாசிடரை ஸ்டாண்டிலிருந்து விரட்டிய இண்டிகாவையும் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும்.

போன வண்டிகள் எங்கே போயின என்று கேட்டாயே. பாதி சென்னைப் புதுப்பேட்டைக்குப் போயின. அங்கே ஒரு காரைப் பிரித்து, கதவு ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை என்று வரிசையாகத் தொங்கவிட்டுவிடுவார்கள். மிச்சம் ஊரிலேயே கரைந்தன. அம்பாசிடரின் பின் அச்சு டயரோடு மாட்டு வண்டிக்குப் போனதை நானே பிரித்துக் கொடுத்திருக்கிறேன். தாராசுரத்தில் ஒரு பியட் பானெட் ரொம்ப நாள் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருந்தது. 15 வருஷம் ஆனால் எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்தைந்து வருஷத்துக்கு ஒரு தரம். டிங்கர் வேலை, பெயிண்ட், டயர் எல்லாம் கணக்குப் போட்டால், இரும்புக்குப் போடுவது லாபம் என்று சொந்தக்காரர் முடிவெடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அது பிழைப்புக்கான வண்டி.

இங்கேயும் 2021-இல் பழைய கார்களுக்கென்று மத்திய அரசு விதி போட்டது. 50 வருஷம் ஆன வண்டியை 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பரில் பதிவு செய்யலாம். தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரிக் காரியங்களுக்கு எடுக்கலாம். நல்லதுதான். ஆனால் உங்கள் ஊர் 30-க்கும் நம் 50-க்கும் நடுவில் உள்ள இருபது வருஷத்தில்தான் சாதாரண வண்டிகள் எல்லாம் செத்துப்போகின்றன. முதல் மாருதி 2033 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை எத்தனை நிற்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம லேடி டாக்டரம்மாவின் ஹெரால்டு உனக்கு ஞாபகம் இருக்கும், இளநீலம், நாலு கதவு. ஒரு ஐப்பசி மழை ராத்திரி, திருவலஞ்சுழிப் பக்கம் ஒரு பிரசவம். வண்டி வழியில் நின்றுவிடக் கூடாதென்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரோட்டில் முழங்கால் தண்ணீர், பாதியில் நின்றேவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கழற்றி, உள்சட்டையால் துடைத்து, டாக்டரம்மாவின் டார்ச் வெளிச்சத்தில் மாட்டினேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. அந்த வண்டி இப்படி எத்தனை வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும்! வைத்திருந்தது அவர்கள்தான் என்றாலும், அதை ஊர் வண்டி என்றுதான் நான் நினைத்தேன்.

டாக்டரம்மா போய் இரண்டு வருஷமாகிறது. மகன் வீட்டை விற்கிறார். ஷெட்டைக் காலிபண்ண வந்த பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அதே விலையைக் கொடுத்து நான் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் சம்மதம்தான். முன் டாஷ்போர்டு அறையில் ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம் இருந்தது, 1970-இல் பதிவு. ஆக, 50 வருஷக் கணக்கில் வந்துவிடுகிறது. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. தரைத்தகடு இரண்டு இடத்தில் துரு, அதை வெட்டி ஒட்டிவிடலாம்.

முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கிற ட்ரன்னியன் இரண்டும்தான் பிரச்சினை. வெண்கலத்தில் செய்த மரைப் பாகம், சக்கரம் அதில்தான் திரும்புகிறது. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும். எல்லாரும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கீழ்மரை வரை இறங்காது, தண்ணீர் புகுந்து உள்ளே இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். இதில் தேய்மானம் அதிகமாகவே தெரிகிறது. இதே பாகம் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் சேரும் என்பதால் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இடது வலது தனித்தனி, மரை சுற்றும் பக்கம் வேறு. இரண்டு பக்கத்துக்கும் முழு செட் வேண்டும், புஷ், சீல் சேர்த்து. அளவெடுத்துப் படம் அனுப்புகிறேன், அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடு. முன் கண்ணாடி ரப்பரும் ஒன்று சொல். கதவு ரப்பர் வாங்காதே. நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் செய்தது, அங்கே கிடைப்பது பொருந்தாது. அதை நான் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்தால் போதும், பார்சலில் அனுப்பிச் செலவு பண்ணாதே. வந்ததும் இரண்டு நாள் எனக்கு ஒதுக்கு. ட்ரன்னியன் மாட்ட எதிர்ப்பக்கம் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் அன்பு. அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், எவ்வளவு வேண்டுமென்று போனில் சொல்லச் சொன்னாள்.

அப்பா